கதவைத் திற! பிறகு பலகை செய்!

கொடைக்கானலில் கடல் இல்லை. ஆனால் கடல் மீது ஆசை உண்டு!

1863-ம் ஆண்டு கொடைக்கானல் ஏரியை உருவாக்கியவர், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை. ஏரியில் விடுவதற்கு அவர் எங்கிருந்து படகு கொண்டு வந்தார், தெரியுமா? தூத்துக்குடியில் இருந்து! கடற்கரைப் படகு அன்றே மலை ஏறிவிட்டது.

இப்போது கடற்கரையில் இன்னொரு விளையாட்டு பரவி வருகிறது. நீளமான பலகை மீது நின்றுகொண்டு, அலையோடு அலையாகச் சறுக்கி வருவது. இதற்கு "அலைச்சறுக்கு" என்று பெயர். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. படத்தைப் பார்த்த மலை ஊர்ப் பையனுக்கும் ஆசை வரத்தானே செய்யும்? பலகையின் விலையைக் கேட்பான். "அம்மாடி! நானே செய்துகொள்கிறேன்" என்பான்.

செய்யட்டும். கட்டுமரம் கட்டிய பரம்பரை நாம். கைத்தொழில் பழகுவது நல்லதுதான். ஆனால் ஒன்று. பலகையைச் செதுக்கும் வேலையை மலையில் செய்யலாம். பூச்சு வேலையை மலை வீட்டுக்குள் செய்யக் கூடாது. இதுதான் என் கருத்து.

கண்ணாடிச் சட்டை

பலகையின் உள்ளே இருப்பது லேசான நுரைக்கட்டி. அதை இழைத்து வடிவம் கொடுப்பார்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்துவார்கள். துணி மீது ரெசின் என்ற பிசினை ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் தேய்ப்பார்கள். பிசின் இறுகியதும் துணியும் நுரையும் ஒன்றாகிவிடும். பிறகு மேல்பூச்சு. அதன்பின் உப்புக் காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பெருகிய பைபர் படகுகளும் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தவைதான்.

புதிதாகச் செய்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் மீது ஊற்றினால், தெர்மாகோல் கரைந்து போகும்! அதற்கு எபாக்சி ரெசின்தான் ஏற்றது.

குளிர் செய்யும் கோளாறு

ரெசின் இறுக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் அது சோம்பிக் கிடக்கும். கொடைக்கானலோ சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும். பனிமூட்டத்தின் ஈரமும் பூச்சைக் கெடுக்கும்.

அப்போது என்ன செய்யத் தோன்றும்? கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, அடுப்பை மூட்டத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது! பாலியஸ்டர் ரெசினின் ஆவி தலைசுற்றலைத் தரும், தீயும் பிடிக்கும். அதை இறுக வைக்கும் மருந்து கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடித் தூள் நெஞ்சுக்குள் போகும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டு இருக்கும்!

பாதரசம் சொன்ன பாடம்

கொடைக்கானல் மக்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியது இல்லை. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. உடல்நலம் கெட்டுவிட்டது என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2016-ம் ஆண்டுதான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாதரசம் வேறு, ரெசின் வேறு. பாடம் ஒன்றே. கையாளும் பொருளின் குணம் தெரியாமல் அதைத் தொடக் கூடாது. மிச்சத்தைக் கண்ட இடத்தில் கொட்டவும் கூடாது.

என்ன செய்யலாம்?

மலையில் செதுக்கிய பலகையை வத்தலக்குண்டுக்குக் கீழே இறக்குங்கள். அங்கே வெப்பம் இருக்கிறது. காற்றோட்டமான கொட்டகையில் பூசுங்கள். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். கையுறை, கண்ணாடி, வடிகட்டி வைத்த முகமூடி மூன்றும் வேண்டும். துணியை முகத்தில் கட்டினால் ஆவி நிற்காது. டப்பாவில் எழுதியுள்ள அளவுப்படியே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று மருந்தைக் கூட்டினால், கலவை சூடேறிப் புகையும். வேலை முடிந்ததும் உடைகளைத் தனியே துவையுங்கள்.

"ஒரு பலகைக்கு இத்தனை பாடா?" என்று கேட்பீர்கள். பஸ் செலவு கொஞ்சம் ஆகும். இரண்டு நாள் கூடும். போகட்டுமே!

பையன் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், பெற்றோரே. பலகையைத் தூக்கிக்கொண்டு அவனோடு நீங்களும் பஸ் ஏறுங்கள். அலை எங்கும் ஓடிப்போகாது. அது காத்திருக்கும்!