கைக்கருவியை வரப்பில் நின்று தேர்ந்தெடுங்கள்!

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில்தான் வங்கக் கடலில் புயல் சின்னமும் தோன்றுகிறது. அந்த நாட்களில் வரப்பு வெட்டுவதா, உரமிடுவதைத் தள்ளிப் போடுவதா, ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவதா என்பதெல்லாம் வந்து சேரும் செய்தியைப் பொறுத்தது. செய்தி வரும் வழி இன்று பெரும்பாலும் கைபேசிதான். ஆனால் அதை வாங்கும்போது சிறு விவசாயிகள் பலர் கடைக்காரர் காட்டும் பெரிய திரையைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். இது சரியல்ல.

ரேடியோ நெல் சொல்லும் பாடம்

வானொலிப் பெட்டி முதலில் வந்தபோது அது பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ, வசதி படைத்தவர் வீட்டுக் கூடத்திலோதான் இருந்தது. டிரான்சிஸ்டர் வந்து பெட்டி சிறுத்து, பேட்டரி கட்டையில் பாடத் தொடங்கிய பிறகுதான் அது வரப்புக்கு வந்தது. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு, கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சைச் சீமையில் ஆடுதுறை 27 ரக நெல்லைப் பலர் பயிரிட்டனர். விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். கருவி சிறியதாக இருந்தது. மின் கம்பியை நம்பாமல் இருந்தது. வேலை செய்யும் இடத்திலேயே காதில் விழுந்தது. இந்த மூன்று குணங்களும் இன்றைக்கும் உரைகல்லாகும்.

அளவு எவ்வளவு?

இப்போது விற்கும் கைபேசிகளில் பல ஆறரை அங்குலத் திரை கொண்டவை. குனிந்து களை எடுக்கும்போது அது சட்டைப் பையிலிருந்து நழுவிச் சேற்றில் விழும். மடியில் கட்டவும் முடியாது. சேறு படிந்த விரலுக்குத் தொடுதிரை பணிவதில்லை. பட்டன் போனோ மடியில் அடங்கும். ஈரக் கையாலும் அழுத்தலாம்.

மின்சாரச் செலவையும் கவனிக்க வேண்டும். பெரிய போனின் பேட்டரி பெரியதுதான். ஆனாலும் திரை வெளிச்சமும் இணையமும் அதை ஓரிரு நாளில் குடித்துவிடும். சின்னத் திரையுள்ள பட்டன் போன், சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டே பல நாள் தாங்கும்.

இதன் அருமை புயலுக்குப் பின்னரே தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் சார்ஜ் இறங்கிய போன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வெறும் கண்ணாடிச் சில்லுதான்.

தொடர்பு எங்கே கிடைக்கிறது?

கடைத்தெருவில் நன்றாகப் பேசும் போன், மோட்டார் கொட்டகையில் ஊமையாகிவிடுவது உண்டு. எனவே எந்த நிறுவனத்தின் சிம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தாரின் போனை வாங்கி, வீட்டிலும் களத்திலும் வயலின் கோடியிலும் நின்று பேசிப் பார்க்க வேண்டும். எது எடுக்கிறதோ, அதுவே அந்த ஊருக்கு ஏற்றது. நிறுவனம் மாற நேர்ந்தாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. பழைய எண்ணோடே மாறலாம். அரசுத் திட்டங்களில் பதிவான எண் கைவிட்டுப் போனால், ரகசிய எண்ணுக்கு அலைய வேண்டி வரும். அந்த ரகசிய எண் குறுஞ்செய்தியாக வருவதால் பட்டன் போனே போதுமானது.

ஒரு எச்சரிக்கை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் அதன் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. 4ஜி உள்ள பட்டன் போனா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கோபுரங்களே செயலிழக்கும் நேரத்தில் கைகொடுப்பது வானொலிதான். நூற்றுக்கணக்கான கோபுரங்கள் வேண்டாம். தொலைவில் ஒரு நிலையம் இயங்கினால் போதும். போன்களில் எப்.எம். வசதியை முடக்கக் கூடாதென்று மத்திய அரசு 2023-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை கூறியதன் காரணமும் இதுவே. வாங்கும் போனில் எப்.எம். உண்டா, நம் ஊரில் எந்த நிலையம் கேட்கிறது என்று பார்ப்பது அவசியமாகும்.

பெரிய போன் வேண்டாமா?

வேண்டும்; ஆனால் குடும்பத்துக்கு ஒன்று போதும். 2018-ல் தொடங்கிய உழவன் செயலியைப் பார்க்கவும், பூச்சி அரித்த இலையைப் படம் பிடித்து வேளாண் அலுவலருக்கு அனுப்பவும் அது உதவும். படிக்கும் பிள்ளையிடம் அது இருக்கட்டும். வயலுக்குப் போகிறவர் மடியில் பட்டன் போனும், வீட்டுப் பரணில் பேட்டரி கட்டையில் பாடும் ரேடியோவும் இருந்தால் குறைவில்லை. உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணுக்கு எந்தப் போனிலிருந்தும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

அதிகாரிகள் கவனத்துக்கு

விவசாயி மட்டும் திருந்தினால் போதாது. பயிர்க் காப்பீட்டில் தனி வயலுக்கு நேரும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மின்சாரமும் கோபுரமும் அடங்கிய ஊரில் அந்த மூன்று நாளும் வெள்ளத்திலேயே கழிந்துவிடும். தொடர்பு திரும்பிய நேரத்திலிருந்து கணக்கிடுவதே நியாயமாகும். செயலியில் வரும் செய்திகளைக் கூட்டுறவுச் சங்கத்துக் கரும்பலகையிலும் எழுதிப் போட வேண்டும்.

ஊர் ஒலிபெருக்கியையும் ஒதுக்கிவிடக் கூடாது. 2004 சுனாமியன்று, கடலூருக்கு வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அது முழங்கியது. மக்கள் ஓடி உயிர் தப்பினர். அன்று காத்தது, ஒரு சாதாரண தொலைபேசியும் ஊருக்கே கேட்ட ஒரு குரலும்தான்.

மாட்டை வாங்குமுன் பல்லைப் பார்க்கிறோம். விதையை முளைப்பு பார்த்து வாங்குகிறோம். போனையும் வரப்பில் நிறுத்திச் சோதித்து வாங்குவதே சிறு விவசாயிக்கு லாபமாகும்.