காணாமற்போன பூனை



தீபாவளி, கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு ஆகியவற்றுக்கு மறுநாள் பங்கு இல்லத்துக்கு ஒரு விண்ணப்பம் தவறாமல் வருகிறது. "சுவாமி, வெடிச் சத்தத்தில் எங்கள் பூனை ஓடிவிட்டது, அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறோம், நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்." வேண்டிக்கொள்கிறேன். மெழுகுதிரி ஏற்றிய கையால் டார்ச் விளக்கையும் எடுத்தீர்களா என்று கேட்பதும் என் வழக்கம். பெரும்பாலோர் தெருமுனைவரை சென்று உரக்க அழைத்துவிட்டு, மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகின்றனர். அந்தப் பூனையோ பல வேளைகளில் அடுத்த வீட்டுப் படிக்கட்டின் கீழேயே ஒடுங்கிக் கிடக்கிறது.

அஞ்சிய நாய் ஓடும். அஞ்சிய பூனை பெரும்பாலும் பதுங்கும். பதுங்கிய பூனை, சோறிட்டு வளர்த்தவர் அழைத்தாலும் குரல் கொடாது. அது நன்றியின்மை அன்று; பகைவர் கண்ணிற் படாதிருக்க இயற்கை கற்பித்த பாதுகாப்பு. 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்தது. கிடைத்தவற்றில் 75 விழுக்காடு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே காணப்பட்டன. ஏழு நாள்களுக்குள் மீண்டவை மூன்றில் ஒரு பங்கே. ஓராண்டுக்குள் மீண்டவையோ 61 விழுக்காடு. தொண்ணூறு நாள்களுக்குப்பின் உயிரோடு கிடைத்தவை மிகச் சில. ஆகவே மூன்றாம் நாள் கைவிடுவதற்கு நியாயமே இல்லை.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் காசைத் தொலைத்த பெண் சந்தைக்கு ஓடவில்லை. விளக்கேற்றி வீட்டைப் பெருக்கினாள். நீங்களும் வீட்டினின்றே தொடங்குங்கள். பீரோவின் பின்புறம், பரண், பழந்துணி மூட்டை, விறகு அடுக்கு, காலி டிரம், நிறுத்தியிருக்கும் வண்டியின் அடிப்புறம் அனைத்தையும் குனிந்து பாருங்கள். பின்பு அக்கம்பக்கத்தாரிடம் செல்லுங்கள். "எங்கள் பூனையைப் பார்த்தீர்களா?" என்று வாசலில் நின்று கேட்பது போதாது. பூட்டிய சாமான் அறையையும் கொட்டகையையும் திறந்து காட்டுமாறு பணிவுடன் வேண்டுங்கள். அயலார் அறியாமல் பூட்டிவிட்டு ஊருக்குச் சென்றிருந்தால், அந்தப் பூனை தண்ணீரின்றி மடிந்துபோகும்.

தேடுவதற்கு ஏற்ற வேளை ஊரடங்கிய இரவும், விடியுமுன் உள்ள நேரமும். ஒளி பட்டால் பூனையின் கண்கள் மின்னும். ஒருவரே மெல்லப் பெயர் சொல்லி நடந்து, நின்று, செவிமடுக்க வேண்டும். கும்பலாகக் கூச்சலிட்டால் அது இன்னும் உள்ளே போய்விடும். கருவாட்டைச் சுட்டு அருகில் வைக்கலாம். ஆனால் காவல் இருங்கள். இல்லையேல் தெருநாய்கள் அதைத் தின்பதோடு, பூனையையும் வெளியே வரவிடா.

நாயைத் தேடும் முறை வேறு. அது நெடுந்தொலைவு போயிருக்கக்கூடும். பால்காரர், செய்தித்தாள் போடும் பிள்ளைகள், துப்புரவுப் பணியாளர், தேநீர்க்கடைக்காரர் ஆகியோர் கண்ணுக்குத் தப்பி எந்த நாயும் வைகறையில் நடமாட இயலாது. கழுத்துப்பட்டை நழுவிய நாய் தெருநாய்களோடு பிடிபட்டிருக்கவும் கூடுமாதலால், மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்துக்கு நிழற்படத்தோடு நேரிற் செல்லுங்கள். கண்டதும் துரத்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, தரையில் அமர்ந்து, தின்பண்டத்தை எறியுங்கள். அதுவே நெருங்கி வரட்டும். சுவரொட்டியில் பெரிய படமும் தொலைபேசி எண்ணும் போதும். ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாது மறைத்து வையுங்கள். முன்பணம் கேட்டு அழைக்கும் எத்தர்களை அதனால் இனங்காணலாம். தோலின் கீழ்ப் பொருத்தப்படும் மைக்ரோசிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. கருவியால் படித்தால் அதன் 15 இலக்க எண் மட்டுமே தெரியும். உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த எண்ணோடு பதிவாகியிருந்தால்தான் பயன்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். "தாத்தா ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று பொய் சொல்லுவோரும், மறுநாளே வேறொரு குட்டியை வாங்கித் தருவோரும் உண்டு. இரண்டையும் நான் ஏற்பதில்லை. தேடலில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் சோறிட்ட சிறுமியின் குரலுக்கு வெளியே வரும் பூனை, தந்தையின் அதட்டலுக்கு வருமா?

கிடைத்தபின் உடனே வாரி அணைக்க வேண்டாம். அஞ்சிய பிராணி கடிக்கும். துவாலையால் போர்த்தி எடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிராணியின் உடலில் காயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சுவரொட்டிகளையும் அகற்றிவிடுங்கள், குறிப்பாக ஆலய மதிலில் உள்ளவற்றை. கோயில்பிள்ளை என்னைத்தான் கேட்கிறார்.