மீனை நிறுத்திவிடாதீர்கள்

நிகழ்ச்சி முடிந்து மைக்கை அணைத்த பிறகுதான் சில நேயர்கள் மனம் திறந்து பேசுவார்கள். அண்மையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் கேட்டார்: "அக்கா, எடை கூடுதுன்னு எண்ணெய், மீன் எல்லாத்தையும் விட்டுட்டேன். சரிதானே?"

நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஆனால், இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதனால் நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

கொழுப்பு என்றாலே நமக்குப் பயம். ஆனால், நம் மூளையில் நீரைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அதில் டி.எச்.ஏ. எனும் ஒமேகா-3 கொழுப்பு, மூளை வளரவும் பார்வை தெளியவும் தேவை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளை இதை வேகமாகச் சேர்த்துக்கொள்கிறது. பிறந்த பிறகு தாய்ப்பாலில் கிடைக்கிறது. அம்மா சாப்பிடுவதைப் பொறுத்துப் பாலில் இதன் அளவு கூடும், குறையும். ஏழாம் மாதத்தில் மீனை நிறுத்துவது, பந்தி போடும் நேரத்தில் அடுப்பை அணைப்பது போல. எடைதான் கவலை என்றால் தே தாரிக்கில் இருக்கும் சீனியையும் பொரித்த பலகாரத்தையும் குறைக்கலாமே!

2018-இல் காக்ரேன் அமைப்பு 70 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கிட்டத்தட்ட 20,000 பெண்கள். ஒமேகா-3 கூடுதலாக எடுத்தவர்களிடையே 37 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 11 விழுக்காடும், 34 வாரத்துக்கு முந்தையது 42 விழுக்காடும் குறைவாக இருந்தன. பிள்ளையை இன்குபேட்டரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய அம்மாக்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதற்காக, மாத்திரை போட்டால் பிள்ளை மேதையாகிவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சுமார் 2,400 கர்ப்பிணிகள் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2010-இல் வந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் பிள்ளைகளை 18 மாதத்தில் சோதித்தபோது, சராசரி அறிவுத்திறனில் முன்னேற்றம் தெரியவில்லை.

பசாரில் கிடைக்கும் கெம்போங், மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களே போதும். கர்ப்பிணிகள் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீன் சாப்பிடலாம் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். சைவர்களே, ஆளிவிதையும் வால்நட்டும் நல்லவைதாம். ஆனால், அவற்றிலுள்ள ஒமேகா-3-ஐ உடல் மிகக் கொஞ்சமாகத்தான் டி.எச்.ஏ.வாக மாற்றும். கடற்பாசியிலிருந்து எடுத்த மாத்திரை உண்டு. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் சுரக்கட்டும் என்று பத்தியத்தில் சுறாப் புட்டு செய்து கொடுப்பது உங்கள் அன்பு. ஆனால், பெரிய மீன்களைப் போலவே சுறாவிலும் பாதரசம் அதிகம். அது குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவும் இருக்கிறது. அதே கைப்பக்குவத்தில் கெம்போங் மீனைப் புட்டாக்கிப் பாருங்களேன்!

கணவன்மார்களே, மீனைக் கழுவிச் சுத்தம் செய்வது இனி உங்கள் வேலை. மசக்கையில் மீன் வாடையே ஆகாமல் தவிக்கும் மனைவிக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி அதுதான்.