பிக்கப்பைத் தாழ்த்தும் முன் கணக்கைப் பாருங்க!

தரையோடு தரையாக உட்காரும் பிக்கப் வண்டியின் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் உண்டு. ஆனால் உத்திரமேரூரில் அதைச் செய்ய நினைப்பவர்கள் போடும் பட்ஜெட்தான் இடிக்கிறது.

ஏர் பேக் நாலு, கம்ப்ரஸர், காற்று டேங்க், வால்வுகள். காற்றை விட்டால் வண்டி உட்காரும், நிரப்பினால் எழும். அவ்வளவுதானா? பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றணும். அச்சு முட்டாமலிருக்க சேஸிஸை வெட்டி, திரும்ப வலுவாக வெல்டிங் செய்யணும். அதில் காசு மிச்சம் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து சட்டம். தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே! எஃப்.சி., இன்சூரன்ஸ் தலைவலி தனி.

நம்ம பக்கம் பிக்கப் என்பது நெல் மூட்டை ஏற்றிச் சோறு போடுகிற வண்டி. தவணை கட்டிக்கொண்டிருக்கும் அதை அறுக்காதீங்க. ஆசை விடவில்லையா? ஓடாத பழைய வண்டியை வாங்கி, சொந்த இடத்துக்குள் வைத்துச் செய்யுங்க. ரோட்டில் ஓட்டணும்னா முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம்தான் பட்டறை.

நீங்க என்ன சொல்றீங்க?