நாலு மாட்டுக்கு ஒரு மெஷின் இல்ல

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. மெக்கானிக்கல், ஈசிஇ, மெக்கட்ரானிக்ஸ்னு மூணு லிஸ்ட்டையும் நின்னு படிச்சேன். விவசாயம்னு வர்ற டைட்டில் எல்லாம் இவ்வளவுதான்: மருந்து தெளிக்கிற ட்ரோன், டிரைவர் இல்லாம ஓடுற டிராக்டர், மண் ஈரம் பார்த்து மோட்டார் போடுற சென்சார், இலையை போட்டோ எடுத்தா நோய் பேரைச் சொல்ற ஆப். ஒண்ணுல கூட மாடு இல்ல.

இதுல என்ன பிரச்சனைனு கேட்கலாம். நம்ம ஊர்ல சின்ன விவசாயக் குடும்பம்னா பெரும்பாலும் வயலும் மாடும் சேர்ந்ததுதான். வயல் பக்கத்துக்கு மெஷின் மேல மெஷின் வந்துட்டே இருக்கு. மாட்டுப் பக்கம் இன்னும் அரிவாள், கூடை, விளக்குமாறு. இது தற்செயலா நடந்ததுனு எனக்குத் தோணல. வயல் மெஷினை ஓட்டுறது அப்பா, அண்ணன். கட்டுத்தரையில நிக்கிறது அம்மா. எந்த வேலைக்கு மெஷின் கண்டுபிடிக்கணும்னு முடிவு பண்றவங்க யாருமே சாணி வழிச்சதில்ல. என் கருத்து இதுதான், மீதியெல்லாம் இதுக்கு விளக்கம்.

எங்க தோட்டம் கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். அஞ்சு ஏக்கர். நெல், மஞ்சள், கொஞ்சம் தென்னை, நாலு கறவை மாடு. வண்டி மாஸி 1035, 36 எச்பி. அதுக்குப் பின்னாடி மாட்ட ஒன்பது கொக்கிக் கலப்பை, ஒரு ரோட்டவேட்டர், சேறடிக்க கேஜ் வீல், ஒரு டிப்பர். சட்டிக் கலப்பை தேவைப்பட்டா பக்கத்துத் தோட்டத்துல வாங்கிக்குவோம். அண்ணன் பதினெட்டு ஆகும் முன்னாடியே வண்டி ஓட்டிட்டான். என்னை யாரும் அந்த சீட்ல உட்காரச் சொன்னதில்ல. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச பிறகும் லீவுக்குப் போனா "கண்ணு, கொஞ்சம் புல்லு வெட்டிட்டு வா"தான்.

சரி, கணக்குக்கு வருவோம். டிராக்டர் டேஷ்போர்டுல ஒரு மணி மீட்டர் இருக்கும். பழைய வண்டில அது இன்ஜின் சுத்துறதை வச்சு ஓடுறது, அதனால ஐடில்ல நின்னா மெதுவாத்தான் ஏறும். போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் நடுவுல எங்க வண்டி மீட்டர்ல ஏறினது 210 மணி நேரம். அதுலயும் பாதிக்கு மேல அடுத்தவங்க காட்டுக்கு வாடகை உழவு. அம்மாவுக்கு மீட்டர் இல்ல, நானே போட்டேன். காலைல 4:30ல இருந்து 7:30 வரைக்கும் சாணி அள்ளி, கழுவி, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்புறது. மத்தியானம் புல்லு வெட்டிக் கொண்டுவந்து போட ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் மறுபடி கறவை, தண்ணி, தவுடு. நாளைக்கு ஆறு மணி நேரம்னு வச்சாலே வருஷத்துக்கு 2,190. வண்டியை விடப் பத்து மடங்கு. வண்டிக்கு 250 மணிக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு அப்பா காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கார்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வண்டியோட டியூ எதுல இருந்து போச்சுனு நினைக்கிறீங்க? நெல்லு வித்த காசு வருஷத்துல ரெண்டு தடவை வரும், வந்த வேகத்துல உரக் கடைக்குப் போயிடும். பால் காசுதான் நிக்காம வர்றது. டியூவும் அதுதான், என் செமஸ்டர் ஃபீஸும் அதுதான். கட்டுத்தரை சம்பாதிச்சு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கு. வண்டி திரும்ப கட்டுத்தரைக்கு என்ன செஞ்சது? வருஷத்துக்கு ஒரு நாள் வந்து குப்பைக்குழியில இருக்கிற எருவை டிப்பர்ல அள்ளிக் காட்டுக்குக் கொண்டுபோகும். சாணி மாட்டுக்குப் பின்னாடியிருந்து குழி வரைக்கும் போறதெல்லாம் கூடைலதான், தலைமேல, தினமும்.

டெக்னிக்கலா இதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. டிராக்டர் செய்ற வேலை எல்லாம் வருஷத்துல சில தடவை, ஒரே மூச்சுல நிறைய. மாட்டு வேலை தினமும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 20, 25 கிலோ பசுந்தீவனம் வேணும். நாலு மாட்டுக்கு 100 கிலோ பக்கம். இந்த 100 கிலோவுக்காக 36 எச்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி ஒரு ஃபாடர் ஹார்வெஸ்டர் மாட்டி வரப்பு ஏத்தி இறக்கினா, டீசல் காசுக்கே பால் போயிடும். பெரிய பண்ணைக்கு அந்த மெஷின் சரி. நாலு மாட்டுக்கு அது கொசுவுக்கு பீரங்கி. நம்ம கையில இருக்கிற மெஷின் எல்லாமே பெரிய வேலைக்காக செஞ்சது. அதைச் சின்னதாக்கி வித்தா போதும்னு நினைக்கிறாங்க. தினமும் 100 கிலோங்கிறது சின்ன வேலை இல்ல. அது வேற ஜாதி வேலை.

இந்த வேலைக்கு உண்மைல பொருந்தின இன்ஜின் ஒண்ணு எங்க ஊர்ல இருக்கு: டிவிஎஸ் எக்ஸ்எல். 1980ல வந்த டிவிஎஸ் 50 வழியில வந்த வண்டி. முன்னாடி கால் வைக்கிற இடம் தட்டையா இருக்கும், பின் சீட்டைக் கழட்டிடலாம். முன்னாடி பால் கேன், பின்னாடி புல்லுக் கட்டு. அம்மா வயசுக்காரங்களே ஓட்டுவாங்க. விவசாய மெஷின்னு அதை யாரும் சொல்ல மாட்டாங்க, மானியப் பட்டியல்லயும் இருக்காது. ஆனா எங்க பக்கம் மாட்டுக்காக அதிகமா உழைக்கிற மெஷின் அதுதான்னு பந்தயம் கட்டுவேன்.

மெஷின் வராததோட நின்னிருந்தாக் கூடப் பரவாயில்ல. வயல் பக்கம் வந்த மெஷின் மாட்டுப் பக்கம் வேலையைக் கூட்டியும் விட்டிருக்கு. நெல் அறுக்கிற மெஷினைப் பாருங்க. முன்னாடி ஆளுங்க அரிவாள்ல தரையோட ஒட்டி அறுத்து, கட்டு கட்டி, களத்துல அடிச்சா வைக்கோல் நீளமா, சுத்தமா வரும். போர் போட்டா வருஷம் பூரா மாட்டுக்கு ஆச்சு. இப்போ பெல்ட் மெஷின் வந்து ஒரு ஏக்கரை ரொம்பக் கொஞ்ச நேரத்துல முடிச்சிடுது. நெல்லு பத்திரமா டிப்பர்ல ஏறிடும். அதுல எனக்குக் குறை இல்ல, ஆள் கிடைக்காத காலத்துல அது இல்லாம முடியாது. ஆனா மெஷின் தரையை விட்டு மேலதான் அறுக்கும், அதனால கீழ்த்தாள் காட்டுலயே நின்னுடும். மேல் பாதி மெஷினுக்குள்ள போய் நொறுங்கி வரிசையா வெளிய விழும். அதை பேலர் வச்சு உருட்டிக் கட்டணும்னா காயணும், பேலர்காரர் வரணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மழை வந்தா வைக்கோல் கறுத்துடும், மாடு மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கும். அறுவடை மெஷினை டிசைன் பண்ணவங்களுக்கு வைக்கோல் கழிவு. எங்களுக்கு அது ஆறு மாசச் சாப்பாடு. வைக்கோல் கெட்டுப்போன வருஷம் அந்தப் பசியை ஈடுகட்டினது யார்? மத்தியானம் ரெண்டு கட்டு புல்லு அதிகமா வெட்டினவங்கதான்.

"அதான் சாஃப் கட்டர் இருக்கே"னு ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னான். இருக்கு. கால்நடைத் துறையே பாதி மானியத்துல கொடுத்திருக்காங்க, நல்ல விஷயம். புல்லைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டா மாடு தண்டை ஒதுக்காம தின்னும், தீவனம் மிச்சம். ஆனா அந்த மெஷின் முன்னாடி பத்து நிமிஷம் நின்னு பாருங்க. ஃப்ளைவீல்ல பிளேடு சுத்துது, அதுக்கு முன்னாடி ரெண்டு ரோலர் புல்லை இழுக்குது. ஈரப் புல்லு வாய்ல அடைச்சுக்கும். அடைச்சா கையால தள்ளுவாங்க. ரோலருக்குப் புல்லுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்க பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு வலது கைல ரெண்டு விரல் இல்ல. சேலைத் தலைப்பு, துண்டு எல்லாம் பெல்ட்ல மாட்டுறதும் நடக்கிறதுதான். நிறைய இடத்துல பெல்ட் கார்டைக் கழட்டி வச்சிருப்பாங்க, ஏன்னா அடைப்பு எடுக்க ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழட்ட யாருக்கும் நேரம் இல்ல. அவங்க அலட்சியம்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. தினமும் கழட்ட வேண்டிய இடத்துல நாலு போல்ட் வச்சது டிசைன் தப்பு. நல்ல மாடல்ல ரிவர்ஸ் லீவர் இருக்கு. கை மாட்டின பிறகு இன்னொரு கையால எட்டுற தூரத்துல அது இருக்கான்னு பார்த்தா, பல மாடல்ல இல்ல.

கதிரடிக்கிற மெஷின்ல கை போனவங்க நிறையப் பேர் ஆன பிறகுதான் 1983ல அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் வந்துச்சு. கதிரடிக்கிற மெஷின் அறுவடை சமயத்துல சில நாள் ஓடும். சாஃப் கட்டர் வருஷம் 365 நாளும் ஓடுது.

பால் கறக்கிற மெஷின் பத்தியும் சொல்லணும். தியரி அழகா இருக்கும்: காத்து மண்டலத்தை விடக் கிட்டத்தட்ட பாதி அழுத்தத்துல வேக்யூம், நிமிஷத்துக்கு 60 தடவை பல்சேட்டர் அடிக்கும், கன்னுக்குட்டி சப்புற மாதிரி. எங்க மாமா வீட்ல ஒண்ணு வாங்கினாங்க. ஒரு வருஷம் ஓடிச்சு. அப்புறம் காம்புல மாட்டுற ரப்பர் லைனர் தேஞ்சுது. புதுசு ஈரோட்டுலயும் கிடைக்கல, ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள ஒரு மாட்டுக்கு மடி வீங்கிடுச்சு. இப்போ அந்த மெஷின் மேல நெல்லு மூட்டை இருக்கு. எங்க டிராக்டருக்கு எந்த பார்ட் போனாலும் கோபி டவுன்ல ஒரு மணி நேரத்துல கிடைக்கும், மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக் எல்லா ஊர்லயும் இருக்காரு. டிராக்டர் ஜெயிச்சதுக்கு இன்ஜின் மட்டும் காரணம் இல்ல, இந்த மெக்கானிக்கும்தான் காரணம். கட்டுத்தரை மெஷினுக்கு அப்படி ஒரு மெக்கானிக் இன்னும் பிறக்கல.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். "நாலு மாட்டுக்கு மெஷின் போட்டா கட்டுபடியாகாது." ஆகாதுதான், அம்மாவோட ஆறு மணி நேரத்துக்குச் சம்பளம் பூஜ்யம்னு போட்டா எந்த மெஷினும் கட்டுபடியாகாது. நூறு நாள் வேலைக் கூலியைப் போட்டுப் பாருங்க, எக்செல் ஷீட் வேற பதில் சொல்லும். இன்னொண்ணு, "அவங்களுக்குப் பழகிப்போச்சு." ஏர் பிடிச்சு உழுறதும் தாத்தாவுக்குப் பழகினதுதான், அதுக்காக யாரும் டிராக்டரை வேண்டாம்னு சொல்லல. இப்போ எங்க பக்கம் பொண்ணு கேட்டுப் போனா, "மாடு இருக்குதுங்களா?"னு பொண்ணு வீட்ல முதல்ல கேட்கிறாங்க. இருக்குனு சொன்னா பேச்சு அதோட நிக்கிறதும் உண்டு. அந்தப் பொண்ணுங்க மேல தப்பே இல்ல. அம்மா முட்டி வலின்னு உட்கார்ற அன்னிக்கு நாலு மாட்டையும் சந்தைக்கு ஓட்டிடுவாங்க. அப்புறம் எரு இல்ல, பால் காசு இல்ல, வண்டி மட்டும் நிக்கும்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழைய கதை. ஆரம்ப கால டிராக்டர்ல கலப்பை கல்லுல மாட்டினா முன் வீல் தூக்கி, வண்டி பின்பக்கமா டிரைவர் மேலயே கவிழும். அயர்லாந்துக்காரர் ஹேரி ஃபெர்குசன் இதை வருஷக்கணக்கா நோண்டி, கலப்பையையும் வண்டியையும் ஒரே பொருளா யோசிச்சு த்ரீ பாயிண்ட் லிங்கேஜைக் கொண்டுவந்தார். 1939ல ஃபோர்டு டிராக்டர்ல அது வந்துச்சு. இன்னிக்கு எங்க மாஸி பின்னாடி இருக்கிற அந்த மூணு கையும் அதுதான், மாஸி ஃபெர்குசன்ல இருக்கிற ஃபெர்குசனும் அவர்தான். பெரிய எச்பி பெருமைக்காக செஞ்சது இல்ல அது. உட்கார்ந்து ஓட்டுறவன் சாகக் கூடாதுனு செஞ்சது.

அதனால ஜூனியர்ஸ் யாராவது அடுத்த வருஷம் இதை எடுக்கிறதா இருந்தா, ஸ்பெக் நானே தர்றேன். நாளைக்கு 100 கிலோ கம்பு நேப்பியர் புல்லை, கோ 4, கோ 5 மாதிரி தடித் தண்டை, தரையோட ஒட்டி வெட்டணும். வெட்டினா மட்டும் போதாது, ஒரே பக்கமா சாய்ச்சுக் கட்டாப் போடணும். பிரஷ் கட்டர் வெட்டிச் சிதற விட்டுடுது, பொறுக்குறது மறுபடி அம்மா வேலை. புல்லு வரிசை இடைவெளி 60 சென்டிமீட்டர், மெஷின் அதுக்குள்ள போகணும். முதுகுல சுமக்கிறது வேண்டாம், தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கட்டும். கைப்பிடி உயரத்தை நம்ம ஹாஸ்டல் பசங்களை வச்சு அளக்காதீங்க. ஐம்பது வயசுப் பொம்பளைங்களோட அளவு வேணும். புவனேஸ்வர்ல விவசாயப் பெண்களுக்காகவே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். சாணிக்கு வேற டீம். கட்டுத்தரை தளம் கரடுமுரடா இருக்கும், சமமா இருக்கும்னு நம்பி சிமுலேஷன் போடாதீங்க. சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான் வீட்டுல இருக்கு. பார்ட் எல்லாம் டவுன்ல இருக்கிற பம்பு செட் கடையில கிடைக்கணும். சத்தம் குறைவா இருக்கணும், மாடு மிரண்டா பாலை இறக்காது.

டெஸ்டிங்குக்கு எங்க தோட்டத்துக்கு வரலாம், அம்மாகிட்ட சொல்லிட்டேன். காலைல 4:30க்கு வரணும்.