பினாங்குக் கட்சியின் கடைசி நாற்காலி



தேர்தல் பேச்சு என்றாலே நம்மவர்களுக்குப் பினாங்கு, ஈப்போ, கிள்ளான்தான் நினைவுக்கு வரும். ஜொகூரின் உட்பகுதியை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் இம்முறை குளுவாங் மாவட்டத்து லாயாங் லாயாங். ரயில் பாதையை ஒட்டிய சிறு பட்டணம், சுற்றிலும் செம்பனை. பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை விதை ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உலகெங்கும் தெரியும். நாம்தான் எழுதியதில்லை.

நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை இது சிம்பாங் ரெங்காம் தொகுதி. மாச்சாப், லாயாங் லாயாங் என்று அதற்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். 2004-இல் தேசிய முன்னணி இந்த இடத்தைத் தன் கூட்டணிக் கட்சியான கெராக்கானுக்குக் கொடுத்தது. கெர்க் சூ திங் வென்றார். 1968-இல் தொடங்கப்பட்ட கட்சி கெராக்கான். அதைத் தொடங்கியவர்களில் நம் தொழிற்சங்கத் தலைவர் வி.டேவிட்டும் ஒருவர் என்பது இளைய வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1969 முதல் 2008 வரை பினாங்கை ஆண்ட கட்சி, அந்த ஆண்டு அங்கே அடியோடு சரிந்தது. நாடு முழுவதும் அதற்கு மிஞ்சியவை இரண்டே நாடாளுமன்ற இடங்கள். அதில் ஒன்று சிம்பாங் ரெங்காம். 2013-இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று, அதுவும் இதுதான்! பினாங்கை ஆண்ட கட்சியின் மானத்தைக் கடைசிவரை காத்தது ஜொகூர்த் தோட்டப்புறம். 2018 மே 9-இல் இங்கே அதன் வேட்பாளர் லியாங் தெக் மெங் தோற்றபோது கெராக்கானுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலியும் இல்லை.

அவரை வென்ற மஸ்லி மாலிக் கல்வியமைச்சர் ஆனார். பள்ளிக் காலணி வெள்ளையிலிருந்து கறுப்பானதும், தமிழ்ப்பள்ளிகளில் ஜாவி வனப்பெழுத்துச் சர்ச்சை வெடித்ததும் அவர் காலத்தில்தான். முதலாவதற்குத் துணி துவைக்கும் தாய்மார்கள் நன்றி சொல்லியிருப்பார்கள். இரண்டாவதில், பள்ளி வாரியங்களையும் பெற்றோரையும் முதலில் உட்கார வைத்துப் பேசியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும் என்பது நம் கருத்து. 2020 ஜனவரியில் பதவி விலகினார்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. 2022 மார்ச் 12 மாநிலத் தேர்தலில் மஸ்லி லாயாங் லாயாங் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். அந்த இடத்தை 2018-இல் வென்றிருந்த ஓன் ஹாபிஸ் காஸி இம்முறை பக்கத்து மாச்சாப்புக்கு மாறி வென்றார். அப்போதைய மந்திரி பெசார் ஹஸ்னி முகமட்டின் தலைமையில் தேசிய முன்னணி 56-இல் 40 இடங்களைப் பிடித்தது. ஆனால் மந்திரி பெசாராகப் பதவியேற்றவர் ஓன் ஹாபிஸ். எட்டு மாதம் கழித்து, நவம்பர் 19 பொதுத்தேர்தலில், அதே ஹஸ்னி சிம்பாங் ரெங்காமில் நின்று மஸ்லியைத் தோற்கடித்து நாடாளுமன்றம் போனார். தமக்குப் பதிலாக மந்திரி பெசார் ஆனவரின் சட்டமன்றத் தொகுதி, இப்படி ஹஸ்னியின் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வந்தது!

தலைவர்கள் இப்படி இடம் மாறி மாறி உட்காரும்போது, ஓட்டுப் போடுகிறவர்களும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லயத்தை விட்டுக் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் போனவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் எனப் பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. 2022 மார்ச்சில் சிங்கப்பூர் எல்லை முழுமையாகத் திறக்கவில்லை. திறந்தது ஏப்ரல் 1-இல். அந்த மார்ச் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடுதான். பதினெட்டு வயதுக்காரர்கள் ஜொகூரில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட தேர்தல் அது.

இப்போது 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும், அடையாளக் கார்டில் உள்ள முகவரிப்படி. வீடு மாறிக் கார்டில் முகவரியை மாற்றினாலும் ஓட்டுப் போடும் இடம் தானாக மாறாது. தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பலருக்கு இது தெரிவதில்லை. இடது ஆட்காட்டி விரலில் மை வைக்கப் போகும் நாளில்தான், தொலைவில் இருக்கும் பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கள் பெயர் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதழை மூடி வைத்ததும் கைப்பேசியில் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் தளத்தைத் திறந்து உங்கள் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்