செய்திக்கு ஊரும் தேதியும் வேண்டும்!

மில் கேட்டில் சங்கம் கொடுக்கும் துண்டு நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாண் அளவு காகிதம்தான். ஆனாலும் அதில் சங்கத்தின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட பிரஸ்ஸின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் ஊரும் இல்லாமல் எந்தத் தாளையும் வெளியிடக்கூடாது என்று 1867-லேயே சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் அதன் இடத்திற்கு வேறு சட்டம் வந்துவிட்டது. ஆயினும் தேர்தல் நோட்டீசுகளுக்கு அந்த நிபந்தனை இன்றும் உண்டு.

நாம் நூற்கும் நூலும் அப்படித்தான். இன்ன மில், இன்ன நம்பர் என்ற அடையாளம் இல்லாமல் நூல் மூட்டை வெளியே போகாது.

ஆனால் இன்று நம் கைக்கு வந்து சேரும் செய்திகள் எப்படி வருகின்றன? ஊர் இல்லை, தேதி இல்லை, சொன்னவன் பெயரும் இல்லை. செல்போனில் வரும் வாட்ஸ்அப், பேஸ்புக் செய்திகளைத்தான் சொல்கிறோம்.

"செல்போனில் செய்தியை எந்த உருவில் காட்டினால் என்ன? கூலிக்கும் போனசுக்கும் போராடும் நமக்கு அதில் என்ன அக்கறை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அக்கறை இருக்கிறது. நம் கூலியும் நம் ஒற்றுமையும், சில சமயம் மனித உயிரும்கூட, அந்த உருவத்தில் அடங்கியிருக்கின்றன.

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டி இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் மலைச்சரிவு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலைச் சாலைகளில் மரங்கள் முறிந்து விழுந்தன. அன்று எடுத்த வீடியோ ஒன்றை ஒருவன் இன்று காலை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். வில்பட்டித் தோட்டத்தில் நிற்கும் கூலியாளின் செல்போனில் அது எப்படித் தெரியும்? ஓரத்தில் இன்று காலை மணி தெரியும். அது அந்த வீடியோ அவன் கைக்கு வந்த மணி. மரம் விழுந்த நாளை அது காட்டாது. அனுப்பியவன் பெயர் தெரியும். படம் எடுத்தவன் பெயர் தெரியாது.

பலன் என்ன? கீழேயிருந்து வேலைக்கு வரவேண்டியவன் பஸ் ஏறமாட்டான்; ஒரு நாள் கூலி போயிற்று. "பாதை அடைபட்டுவிட்டது, லோடு இறங்காது" என்று சொல்லித் தரகன் பூண்டு விலையைக் குறைப்பான். பல வருஷத்துப் பழைய வீடியோ, இன்றைய மணியை ஒட்டிக்கொண்டு வந்து ஏழையின் மடியில் கை வைத்துவிட்டது.

இது நாம் சொன்ன உதாரணம். உண்மையில் நடந்தவை இதைவிடக் கொடியவை.

2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக நாடெங்கும் பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்த கூட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் பழவேற்காட்டில் ஒரு மனிதனையும் இவ்வாறே கொன்றார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடி மக்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். செத்தவர்கள் ஏழைகள், அடித்தவர்களும் ஏழைகள்தாம்.

அப்போது நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று எது தெரியுமா? பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம்! மோட்டார் சைக்கிளில் குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும், எச்சரிக்கை வாசகமும் கடைசியில் வரும். அந்தக் கடைசிப் பகுதியை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். மிச்சம் ஊர் ஊராகப் போயிற்று.

சாவுகளுக்குப் பிறகு, சர்க்கார் கடிந்துகொண்ட பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி ஒரு மாற்றம் செய்தது. கைமாறி வரும் செய்தியின் தலையில் 'ஃபார்வர்டட்' என்ற ஒரு சொல்லைப் போட்டது. அனுப்பியவன் சொந்தமாக எழுதியது அல்ல, வாங்கிக் கொடுத்தது என்று அதற்கு அர்த்தம். இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் கட்டுப்படுத்தியது. இதனால் செய்திகளைக் கைமாற்றி அனுப்புவது 25 சதவிகிதம் குறைந்தது என்று கம்பெனியே பிறகு கணக்குச் சொன்னது. பல கை மாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி 2019-ல் வந்தது. 2020 ஏப்ரலில், அப்படிப்பட்ட செய்தியை ஒரு சமயத்தில் ஒரு இடத்திற்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கியதும், அவ்வகைச் செய்திகளின் போக்குவரத்து 70 சதவிகிதம் குறைந்தது. இதுவும் கம்பெனி சொன்ன கணக்குத்தான்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஜனங்கள் முட்டாள்கள், அதனால்தான் வதந்தி பரவுகிறது என்று சில பெரிய மனிதர்கள் சொன்னது பொய். ஜனங்கள் அதே ஜனங்கள்தான். செய்தியின் தலையில் ஒரு சொல்லும், அதை அனுப்பும் வழியில் ஒரு தடையும் வந்தன. நிலைமை மாறிற்று. அப்படியானால் அந்தச் சொல்லை முதலிலேயே போட்டிருக்கக் கூடாதா? பிணம் விழுந்த பிறகுதானா அது நினைவுக்கு வரவேண்டும்?

மில் தொழிலாளருக்கு 2023 மார்ச் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. திருப்பூரிலும் கோவையிலும் நம்மோடு ஷிப்டு பார்க்கும் வடநாட்டுத் தோழர்கள் கலங்கினார்கள். ஊரிலிருந்து தாயும் மனைவியும் போன் போட்டு அழுதார்கள். பீகார் அரசாங்கம் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. தமிழ்நாடு போலீஸ் விசாரித்துச் சொன்னது என்ன? ஒரு வீடியோ, பீகார்த் தொழிலாளிகளின் இரண்டு கோஷ்டிகள் தமக்குள் போட்ட சண்டை. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இரண்டிலும் தமிழன் பீகாரியைத் தாக்கவில்லை.

எங்கே நடந்தது, யாருக்குள் நடந்தது என்ற இரண்டு விவரம் அந்த வீடியோவோடு வந்திருந்தால் இந்த விஷம் பரவியிருக்குமா? ஒரே மிஷினில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தால் லாபம் யாருக்கு? கூலி உயர்வு கேட்கக் கூடி நிற்கவேண்டியவர்கள் பிரிந்து நின்றால் லாபம் யாருக்கு? பதில் தொழிலாளிக்குத் தெரியும்.

இனி, செய்தியின் உருவத்தைத் தீர்மானிப்பவர்கள் யார் என்று பார்ப்போம். கடல் கடந்த ஒருசில கம்பெனிகள். அவர்களுடைய சரக்கு நம் கண். எவ்வளவு நேரம் நாம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரக் காசு. பேஸ்புக் கம்பெனியின் உள் தஸ்தாவேஜுகள் 2021-ல் வெளியாயின. 2017-லிருந்து ஒரு 'லைக்'கைவிடக் கோபக்குறி முதலிய முகக்குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, அப்படிக் குறி விழுந்த பதிவுகளை முன்னால் தள்ளினார்கள் என்பது அவற்றால் அம்பலமாயிற்று. எவன் நம்மைக் கோபப்படுத்துகிறானோ அவன் பதிவு மேலே! கோபக்குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது 2020-ல்தான்.

எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் நடந்ததையும் பாருங்கள். 2023 அக்டோபரில், பத்திரிகைச் செய்திகளின் தலைப்பையே எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டினார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும் என்றார் முதலாளி எலான் மஸ்க். பிறகு தலைப்பு சிறிய எழுத்தில் திரும்பி வந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் செய்தி படிக்கும் முறையை ஒரு தனி மனிதனின் இஷ்டம் கலைத்துப் போடலாமா?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல.

ஒன்று: ஒரு படமோ வீடியோவோ முதன்முதலில் ஏற்றப்பட்ட தேதி, எத்தனை கை மாறினாலும் அதன் தலையிலேயே நிற்கவேண்டும். இது முடியாது என்பார்கள். எத்தனை கை மாறியது என்ற கணக்கைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப முடிகிறதே, தேதியை அனுப்ப முடியாதா?

இரண்டு: கைமாறிய செய்தி என்பது பெரிய எழுத்தில், நம் தாய்மொழியில் தெரியவேண்டும். இரட்டை அம்புக்குறியின் அர்த்தம் வில்பட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்க வேண்டும்.

மூன்று: எத்தனை 'லைக்' என்ற எண்ணிக்கையைப் பின்னால் தள்ளி, ஊரையும் தேதியையும் முன்னால் வைக்கவேண்டும். எண்ணிக்கையை மறைத்துக்கொள்ள இன்ஸ்டாகிராம் 2021-லேயே வசதி செய்தது. ஆகவே முடியாத காரியம் அல்ல.

நான்கு: இந்த உருவத்தை மாற்றுவதானால் முன்கூட்டி அறிவித்து, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுத்தான் மாற்றவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முதலில் எழுதியவன் யார் என்று சர்க்காருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என 2021-ல் ஒன்றிய அரசு விதி போட்டது. வாட்ஸ்அப் கம்பெனி அதை எதிர்த்து டில்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. நாம் கேட்பது அதுவல்ல. மில்லின் அக்கிரமத்தைப் படம் பிடித்து அனுப்பும் தொழிலாளியின் பெயர் அதிகாரியின் மேஜைக்குப் போனால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. 1867-ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்காரின் கண்ணுக்காகப் போடப்பட்டது. நாம் கேட்கும் தேதியும் ஊரும் படிப்பவனின் கண்ணுக்காக. ஆளைக் காட்டிக்கொடுக்காமலே செய்தியின் வயதைச் சொல்ல முடியும்.

கம்பெனிகள் மனம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் சங்கங்கள் செல்போனில் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் சங்கத்தின் பெயர், ஊர், தேதி மூன்றும் இருக்கட்டும். படம் அனுப்பினால் படத்தின் மேலேயே எழுதுங்கள். வெட்டி எடுக்க முடியாதபடி நடுவில் எழுதுங்கள். வடநாட்டுத் தோழர்கள் வேலை செய்யும் இடங்களில் அவர்கள் பாஷையிலும் எழுதி அனுப்புங்கள். பயங்கரச் செய்தி ஏதும் வந்தால் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்? எந்தத் தேதி? யார் கண்டது?

அடையாளம் இல்லாத மூட்டையை நாம் லாரியில் ஏற்றுவதில்லை. பதில் இல்லாத செய்தியையும் நம் தோளில் ஏற்றிக்கொண்டு போகவேண்டாம்!